மாணவியர் விடுதியில் இரவு தங்கும் பெண் காப்பாளரை நியமிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
அரசு ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவியின் தாய் மற்றும் 41 பெற்றோர்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: மாணவியர் விடுதிக்கு முழுநேரப் பெண் காப்பாளர் நியமித்தல், அவர் இரவில் விடுதியிலேயே தங்க ஏற்பாடு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், மாலை 5 மணிக்கு ஒரு பஸ். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் தாலுகா தலைமையிடத்துக்குத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு முடியும்போது ஐந்தரை ஆகிவிடுகிறது. அதனால் எங்கள் பெண்களுக்கு விடுதியை விட்டால் வேறு வழியில்லை. அரசுக்கும் இது தெரியும். வீடு இவ்வளவு தூரம் தள்ளி இருந்தால்தான் விடுதியில் இடம் என்று ஆண் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் தூரக் கணக்கைப் பெண் பிள்ளைகளுக்கு வைக்காமல் விட்டது இப்படிப்பட்ட ஊர்களை நினைத்துத்தான் என்று நம்புகிறேன்.

நானும் இதே விடுதியில் 1997 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் தங்கிப் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண் நான். இன்று மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன், இந்த மனுவையும் நானே எழுதுகிறேன் என்றால் அது அந்த விடுதி போட்ட சோறு. ஆகவே விடுதியைக் குறை சொல்வதற்காக நான் வரவில்லை. அது நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் காப்பாளினி அம்மா விடுதிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். சமையலறைக்குப் பின்புறம் இரண்டு அறை கொண்ட வீடு அது. இரவு ஒன்பதரைக்கு டார்ச் விளக்கோடு வந்து பாய் பாயாகத் தலை எண்ணுவார். யாருக்காவது உடம்பு சுட்டால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் படுக்க வைப்பார். எனக்கு அம்மை போட்டபோது, என் அம்மா வந்து சேரும்வரை இரண்டு இரவு அந்தத் திண்ணையில் இருந்தேன். அந்த வீடு இப்போதும் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்தால் உடைந்த கட்டில்களும் பழைய அண்டாக்களும் கூரை வரை அடுக்கியிருப்பது தெரிகிறது.

இப்போதுள்ள காப்பாளருக்கு இரண்டு விடுதிகள். இன்னொன்று 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அது கூடுதல் பொறுப்பு. காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று ஓடுகிறார். இரண்டு இடத்துப் பதிவேடுகளையும் எழுதிவிட்டு ஏழு மணி பஸ்ஸில் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருவரை இரண்டாக வெட்டி இரண்டு விடுதியில் வைக்க முடியாது. சமையலர் எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறார். அதற்குப் பிறகு விடியும்வரை 64 பெண் பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள். உள்பக்கம் பூட்டிய கேட்டின் சாவி பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

தீபாவளி விடுமுறை முடிந்து விடுதி திறந்த மூன்றாம் நாள் இரவு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குப் பதினொன்றரை மணிக்கு வயிற்றுவலி. முதலில் வெந்நீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வாந்தி. ஒரு மணிக்குப் பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். மாணவிகள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அலுவலக அறை பூட்டியிருந்தது. வெளியே மழை. என் மகளும் இன்னும் மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறி, பக்கத்து வீட்டை நோக்கித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி விழித்துக்கொண்டு, பேரனை எழுப்பி 108-க்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார். அரசு மருத்துவமனையில் குடல்வால் வீக்கம் என்று சொல்லி, மறுநாள் காலையில் பெற்றோர் வந்தபின் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த மருத்துவர்களுக்கும் பாட்டிக்கும் நாங்கள் என்றென்றும் கடன்பட்டவர்கள்.

அன்றிரவு மருத்துவமனையில் கொடுத்த சீட்டை நான் பார்த்தேன். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் கையெழுத்து இருக்கிறது. உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருக்கிறாள். பதினேழு வயதுப் பெண், நனைந்த பாவாடையோடு நின்று எழுதிய எழுத்து.

கடந்த ஜூலை மாதம் அரசு நடத்தும் மாணவர் விடுதிகள் எல்லாம் இனிச் சமூக நீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் படித்த காலத்தில் விடுதியின் பெயரை வகுப்பில் உரக்கச் சொல்லக் கூசுவோம். என் மகளுக்கு அந்தக் கூச்சம் இருக்காது. சாப்பாட்டிலும் பெரிய குறை சொல்ல மாட்டேன். 2023-இல் பள்ளி மாணவர்களுக்கான உணவுத் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட வராத அந்தப் பணத்தில் மூன்று வேளை போடுவது எவ்வளவு கடினம் என்று வீட்டில் உலை வைக்கும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இரவில் ஆள் இல்லாத குறை மற்ற எல்லாவற்றிலும் எட்டிப்பார்க்கிறது. கழிவறை, கட்டடத்திலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. ஐந்து கதவுகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வழியில் இருந்த விளக்கு எரிந்து நான்கு மாதம் ஆகிறது. பகலில் மட்டும் வந்து போகிறவர்களின் கண்ணில் இது படாது. பிள்ளைகள் இரவில் இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. சின்னப் பிள்ளைகள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விலையில்லா நாப்கின் வருகிறது, எரியூட்டும் கருவியும் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கு மின் இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. உபயோகித்ததைச் செய்தித்தாளில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்து, பள்ளிக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டி தேடுகிறாள் என் மகள். இதையெல்லாம் பிள்ளைகள் யாரிடம் சொல்வார்கள்? உடன் தங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். கணக்கு பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவரிடம் சொல்ல மாட்டார்கள்.

தனியார் மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்குவது தாங்கள்தான். இரவில் பொறுப்பான பெண் ஒருவர்கூடத் தங்காத விடுதிக்கு ஒருவர் உரிமம் கேட்டு வந்தால் தாங்கள் கையெழுத்திட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அரசு விடுதியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அதே அக்கறை வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து மட்டும் இரண்டு பேர் தங்கள் பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அதில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தவள் இப்போது நூற்பாலைக்குப் போய், ஆலை விடுதியில் தங்கியிருக்கிறாள். "அங்கேயாவது ராத்திரி வார்டன் இருக்கிறார்" என்றார் அவளுடைய அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல கணக்குப் போடுகிற பெண் அவள்.

எனவே, இந்த விடுதிக்கென்று ஒரு பெண் காப்பாளரை முழுநேரமாக நியமிக்க வேண்டுகிறோம். பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு அறை வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுத்தால் அவர் குடும்பத்தோடு தங்கலாம். நியமனத்துக்கு நாளாகும் என்றால், அதுவரை இரவுக் காவலுக்கு உள்ளூர்ப் பெண் ஒருவரை இன்றைக்கே அமர்த்தச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் காத்திருக்க எங்களால் முடியாது. மாணவிகள் எந்நேரமும் எடுக்கக்கூடிய இடத்தில் ஒரு தொலைபேசியும், அதன்மேல் 108, குழந்தைகள் உதவி எண் 1098, காப்பாளர் எண் ஆகியவை எழுதிய அட்டையும் வேண்டும். தாழ்ப்பாள், விளக்கு, மின் இணைப்பு மூன்றும் ஒருநாள் வேலை. குடல்வால் அறுவை செய்துகொண்ட பிள்ளை திரும்ப வர ஆசைப்படுகிறாள். அவளுடைய அம்மா தாங்கள் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டத்தில் மாதம் ஒரு நாள் ஒரு தாலுகாவில் தாங்கள் தங்குகிறீர்கள். அடுத்து எங்கள் தாலுகாவுக்கு வரும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் இரவு ஒன்பது மணிக்கு மேல் இந்த விடுதிக்கு வர வேண்டுகிறோம். கேட்டைத் தட்டினால் திறக்க யார் வருகிறார்கள் என்று தாங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்

நாள்: 24.11.2025

இணைப்பு: 41 பெற்றோரின் கையெழுத்துகளும் கைரேகைகளும்; மருத்துவமனைச் சீட்டின் நகல்.