ஓரக்குறிப்புகளில் இருக்கும் மேடை வரலாறு

ஆசிரியருக்கு,

செவ்வியல் நாடகங்களின் அச்சுப் பதிப்புகளைப் போற்றும் நாம், ஒத்திகையில் கைமாறிக் கசங்கிய மேடைப் பிரதிகளையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உள்ள, 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் முதல் தொகுப்பில், 'மேக்பெத்' பக்கங்களில் 17ஆம் நூற்றாண்டிலேயே யாரோ இட்ட வெட்டுக்கோடுகளும், நடிகரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் குறிப்புகளும் காணப்படுகின்றன. எந்த வரி மேடையில் ஒலித்தது, எது விடப்பட்டது என்பதை அச்சுப் பதிப்பு பெரும்பாலும் சொல்லாது. பார்வையாளர் கண்ட நாடகம் அந்த ஓரங்களில்தான் இருக்கிறது.

இத்தகைய பிரதிகளை மின்னாக்கம் செய்வோர், எழுத்தை மட்டும் தட்டச்சு செய்துவிடாமல், பக்கங்களை வண்ணப் படங்களாகவே பதிவுசெய்ய வேண்டுகிறேன். ஏனெனில் ஒரே பக்கத்தில் மையும் பென்சிலுமாக அடுக்கடுக்காய் விழுந்த வெவ்வேறு கையெழுத்துகளே அடுத்தடுத்த மேடையேற்றங்களைப் பிரித்தறிய உதவுகின்றன.

இப்படிக்கு,
நாடக ஆர்வமுள்ள ஒரு வாசகர்