நஞ்சை நிறுத்தும் மருந்து வேலை செய்ய டி-டெஸ்ட் அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருமியைக் கொல்லாமல், அதன் நஞ்சு உற்பத்திக்குத் துணைபோகும் நொதியை மட்டும் முடக்கும் மருந்துகளைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். நல்ல ஆராய்ச்சிதான். காலரா கிருமியின் எம்டிஏஎன் என்ற நொதியை, அதன் வளர்ச்சியைத் தொடாமலே அடக்க முடியும் என்று 2009இல் காட்டினார்கள். ஆனால் அது இன்னும் வார்டுக்கு வரவில்லை. நஞ்சு உற்பத்தியை இன்றைக்கே நிறுத்தக்கூடிய கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சென்னை மருத்துவமனைகளில் பல காலமாக இருக்கிறது. அது கிருமியிடம் பலிக்குமா என்பதை டி-டெஸ்ட் என்ற ஆய்வகச் சோதனையால் பார்த்து, அதைச் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பதே எங்கள் கவலை.

மழைநீரில் நடந்த காலில் சின்ன வெடிப்பு. அதன் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்து, தசை அழுகி, ரத்த அழுத்தம் விழுந்தால், ஆளைச் சாய்ப்பதில் பெரும்பங்கு அது கக்கும் நஞ்சுக்கு. பெனிசிலின் கிருமியின் சுவரைக் கட்டும் நொதிகளைத் தாக்குகிறது. கிருமி பெருகும்போதுதான் சுவர் கட்டும் வேலை நடக்கும். திசுவில் கூட்டம் நெருங்கிப் பெருக்கம் மந்தமானால் பெனிசிலினின் பிடி தளர்ந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஈகிள் 1952இலேயே இதை விளக்கினார். கிளிண்டாமைசின் கை வைப்பது ரைபோசோமில், அதாவது கிருமி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் இடத்தில். இந்த நஞ்சுகள் புரதங்கள். கோப்பது நின்றால் அவையும் உருவாகா. அதனால்தான் பெனிசிலினோடு சேர்த்து, பெரியவர்களுக்கு 900 மி.கி. வரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். 900 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்து, அரை மணிக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும், இதயம் நின்றும் போகலாம். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்த நஞ்சை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அழுகிய தசையை வெட்டி எடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

சில கிருமிகளிடம் எர்ம் என்ற மரபணு உண்டு. அது தரும் நொதி ரைபோசோமில் மீத்தைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டி, மருந்து உட்காரும் இடத்தை அடைத்துவிடும். பலவற்றில் எரித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் பட்டால்தான் இந்த மரபணு விழிக்கும். ஆகவே கிருமி வளரும் பிளேட்டில் கிளிண்டாமைசின் டிஸ்க்கை (மருந்து தோய்த்த சிறு காகித வில்லையை) மட்டும் தனியாக வைத்தால் ‘மருந்து கேட்கும்’ என்றே ரிப்போர்ட் போகும், நோயாளியிடம் பொய்த்துவிடலாம்.

இதைப் பிடிப்பதுதான் டி-டெஸ்ட். ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் கலங்கல் அளவு 0.5 மெக்ஃபார்லண்ட் உள்ள கிருமிக் கலவையை முல்லர் ஹின்டன் என்ற வளர்ப்பு பிளேட்டில் தடவி, 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும் விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். 35 டிகிரியில் 16–18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், இந்த மரபணு விழிக்கும் கிருமியானால், கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ‘டி’ (D) வடிவில் தெரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு 5% செம்மறியாட்டு ரத்தம் சேர்த்த பிளேட், 12 மி.மீ. இடைவெளி, 5% கார்பன் டை ஆக்சைடு, 20–24 மணி நேரம்.

தவறுவது பெரும்பாலும் டிஸ்க் வைப்பதில்தான். டிஸ்பென்சரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்காவிட்டால் தட்டை விளிம்பு தோன்றவே தோன்றாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்று: ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படிந்து மருந்தின் வீரியம் குறையும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். வட்டத்துக்குள் மங்கலாக வளர்ந்திருந்தால், ‘டி’ வடிவம் இல்லாவிட்டாலும் அதை எதிர்ப்பு என்றே எழுத வேண்டும்.

இதற்குக் கூடுதலாக ஆவது ஒரு டிஸ்க்தான். டாக்டர் கேட்டால்தான் செய்வோம் என்று எந்த ஆய்வகமும் இருக்கக் கூடாது. பொதுமக்களும் கிளிண்டாமைசினை மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம், குடலில் சி.டிஃபிசில் என்ற வேறொரு நஞ்சுக் கிருமி தலைதூக்க அது வழிவிடும்.

டி-டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திராமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள். ரைபோசோமையே தடுத்து நஞ்சைக் குறைக்கும் லினிசோலிட், 600 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என, அன்றே மாற்றிக் கொடுக்க முடியும்.

– நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள்,
கீழ்ப்பாக்கம், சென்னை