சன்னலைத் திறந்து வைத்தால் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலையில் கோக்கும் கண்ணாடி மணிகளை வீட்டிலேயே செய்வது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சுடரில் கண்ணாடிக் குச்சியை எப்படிச் சுழற்ற வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் காற்றோட்டத்துக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி. அறையின் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும் என்கிறது அந்த வரி. அதையே நம்பி ஒன்றரை ஆண்டு வேலை செய்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டின் பின்னறையில் 11 ஆண்டுகளாக மணி செய்து வருகிறேன். புரொப்பேனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் மேசை டார்ச், மணிகளை மெதுவாக ஆறவைக்க ஒரு சிறிய மின்சூளை, 10க்கு 12 அடி அறை. தொடக்கத்தில் என் பயமெல்லாம் சிலிண்டரைப் பற்றித்தான். அதைச் சுவருக்கு வெளியே வைத்தேன். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். குழாய்க்குள் தீ பின்வாங்காமல் தடுக்கும் வால்வு மாட்டினேன். காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஞாயிறு மாலைகளில் தலைவலி வரும். அன்றுதான் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் உட்காருவேன் என்பதால் கண்ணுக்குக் களைப்பு என்று நினைத்து மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். இரவில் வறட்டு இருமல் வந்தது. அதற்கு அலர்ஜி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். "அம்மா, நீ மணி செய்யுற அன்னிக்குத்தான் இருமுற" என்று மகள் சொன்ன பிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது.

நன்றாக எரியும் டார்ச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி புகை வருவதில்லை. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஆக்சிஜனைக் குறைத்து, எரிவாயுவைக் கூட்டி எரித்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சில நிறக் கண்ணாடிகளில் உலோகப் பளபளப்பு வருவதற்காக நாங்கள் வேண்டுமென்றே அப்படி எரிப்பதும் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும்.

அப்படியானால் ஆக்சிஜனைக் கூட்டி நல்ல நீலச் சுடராக எரித்தால் தப்பிக்கலாமா? இல்லை. சுடரின் கடும் வெப்பத்தில், காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிறது. எளிதில் உருகாத போரோசிலிகேட் என்ற கண்ணாடி வகையை உருக்கும் பெரிய, சூடான சுடரில் இது இன்னும் அதிகம். தண்ணீரில் எளிதில் கரையாத வாயு என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடாமல் நுரையீரலின் அடிவரை இறங்கும். அதன் எரிச்சல் பல மணி நேரம் கழித்தும் தெரிய வரலாம். என் இருமலுக்கு இதுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. ஆனால் காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகு அந்த இருமல் திரும்பி வரவில்லை.

இது தவிர கண்ணாடியின் நிறத்திலும் விஷயம் இருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் குச்சிகள் பலவற்றில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கொதிக்கவிட்டால் அது ஆவியாகிக் காற்றில் கலக்கும்.

முதலில் நான் செய்த வேலை, முதுகுக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி வைத்தது. சுடர் ஆடியது, கண்ணாடியில் வெப்பம் ஒருபக்கமாகப் பட்டு மணி விரிசல் விட்டது, வாயு அறை முழுக்கப் பரவியது. அப்புறம் எதிர்ச்சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினேன். அதுவும் உதவவில்லை, ஏனென்றால் சுடரிலிருந்து எழும் சூடான காற்று என் முகத்தைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருந்தது. சமையலறை அடுப்புக்கு மேலே மாட்டும், புகை உறிஞ்சும் ஹூடை டார்ச்சுக்கு மேல் உயரத்தில் தொங்கவிடுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். குனிந்து வேலை செய்யும்போது நம் மூக்கு சுடருக்கும் ஹூடுக்கும் நடுவில் இருக்கும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: ஊதுகிற காற்று தூரம் போகும், உறிஞ்சுகிற காற்று போகாது. 8 அங்குலக் குழாய் உறிஞ்சும்போது, அதன் வாயிலிருந்து 8 அங்குலம் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. ஆகவே உறிஞ்சும் வாய் சுடருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று பக்கமும் மேற்பக்கமும் தகரத்தால் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்த ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து, அதற்குள் டார்ச்சைப் பொருத்தினேன். பெட்டியின் பின்மேல் மூலையில் குழாய். இப்போது சூடான காற்று என்னைவிட்டு விலகிப் போகிறது.

எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. பெட்டியின் திறந்த வாயில் நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான இலக்கு. என் பெட்டியின் வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது 6 சதுர அடி. 6ஐ 100ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 600 கன அடி. ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் 650 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மகிழ்ச்சியாக வாங்கிவந்தேன். நண்பர் ஒருவரிடம் காற்று வேகமானி இரவல் வாங்கி அளந்தால், பெட்டியின் வாயில் 40 அடியைத் தாண்டவில்லை. ஃபேனில் போட்டிருப்பது குழாயே மாட்டாமல் வெறும் வெளியில் சுற்றும்போது தரும் அளவு. நானோ சுருள் சுருளான நெளிகுழாயை நீளமாக இழுத்து, மூன்று இடத்தில் மடக்கி வைத்திருந்தேன். இறக்கை மட்டும் உள்ள சாதாரண ஃபேன் அந்தத் தடையை எதிர்த்து இழுக்காது.

வழவழப்பான 8 அங்குலத் தகரக் குழாய், ஒரே ஒரு வளைவு, தடையை எதிர்த்து இழுக்கக்கூடிய, குழாயோடு இணைத்துப் பொருத்தும் இன்லைன் ஃபேன் என்று மாற்றினேன். ஃபேனைக் குழாயின் வெளி முனையில் வைத்தேன். அப்போதுதான் வீட்டுக்குள் ஓடும் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலும் அறைக்காற்று உள்ளே இழுக்கப்படுமே தவிர, கெட்ட காற்று அறைக்குள் கசியாது. பிளாஸ்டிக் குழாயை நினைத்தும் பார்க்க வேண்டாம். அது இந்தச் சூட்டைத் தாங்காது.

இவ்வளவு செய்தும் நான் செய்த பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. இதைத்தான் உங்கள் வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

புது ஃபேன் ஓடத் தொடங்கிய அன்று குளிராக இருந்ததால் சன்னலை மூடியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அறைக் கதவைத் திறக்க முடியவில்லை, யாரோ அந்தப் பக்கமிருந்து அழுத்தித் தள்ளுவது போல் இருந்தது. கதவிடுக்கில் காற்று விசிலடித்தது. திறந்துகொண்டு வெளியே வந்தால், கூடத்தைத் தாண்டிக் குளியலறையில் இருந்த கேஸ் ஹீட்டரின் சுடர், மேலே புகைக்குழாய்க்குள் போகாமல் முன்பக்கமாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கன அடி வெளியே போனால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நான் வழி விடாததால் என் ஃபேன் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. என் டார்ச்சின் வாயுவை வெளியே தள்ளிவிட்டு, ஹீட்டரின் வாயுவை வீட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தேன். உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

அதன் பிறகு பக்கச் சுவரின் அடியில், மேசை மட்டத்துக்குக் கீழே, 2 சதுர அடிக்கு வலை போட்ட ஒரு திறப்பு வைத்தேன். ஃபேன் ஓடும்போதெல்லாம் அது திறந்திருக்கும், அறைக் கதவு மூடியிருக்கும். திறப்பை நேர் முதுகுக்குப் பின்னால் வைக்காததற்குக் காரணம் உண்டு. ஆற்றில் தூணுக்குப் பின்னால் சுழல் விழுவது போல, பின்னாலிருந்து வரும் காற்று நம் உடம்பைச் சுற்றி வந்து நெஞ்சுக்கு முன்னால் சுழலும். அந்தச் சுழலே சுடரின் வாயுவை மூக்குக்கு இழுத்துவரும். காற்று வெளியேறும் முனையும் எந்தச் சன்னலுக்கும், இந்தத் திறப்புக்கும் 10 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சன்னலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுவத்தி போதும். டார்ச் ஏற்றுவதற்கு முன் ஃபேனைப் போட்டு, பெட்டியின் வாயில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஊதுவத்தியை மெதுவாக நகர்த்துவேன். புகை தயங்காமல் உள்ளே போக வேண்டும். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கருகே பிடித்துப் பார்ப்பேன். கடைசியாகக் குளியலறை ஹீட்டரின் புகைக்குழாய் அருகே. இப்போதும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். மூன்று நிமிடம் கூட ஆகாது.

முகக்கவசம் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது நைட்ரஜன் டை ஆக்சைடை உணராது. அமெரிக்கத் தரத்தில் செய்யப்பட்ட அலாரங்கள் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில்கூட 1 முதல் 4 மணி நேரம் கழித்துத்தான் கத்தும். அளவை எண்ணாகக் காட்டும் வகையை வாங்கிக் கண்மட்டத்தில் வைப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் இந்நேரம் டார்ச் வாங்கியிருப்பார். அவர் அடுத்த ஞாயிறு இணைப்பையும் பார்ப்பார். சன்னல் பற்றிய அந்த வரியைத் திருத்தி, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். இடம் குறைவென்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, கேஸ் ஹீட்டர் பற்றிய பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் கண்ணாடி மணி செய்யும் ஒரு வாசகி