கிறிஸ்துமஸ் பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். டிசம்பர் 25-க்கான கணக்கைப் பலரும் போடத் தொடங்கியிருப்பீர்கள். பரிசு, புத்தாடை, கேக், பயணச்சீட்டு ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. இடிப்பது அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவுகள்தான்.

கூரியரை முதலில் பாருங்கள். பெட்டி எடை குறைவாக இருந்தாலும் அளவில் பெரிதென்றால், பல நிறுவனங்கள் நீள, அகல, உயரத்தை வைத்துத்தான் பணம் வாங்கும். கடைசி நேரத்தில் விரைவாக அனுப்பச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம். பொம்மைக்கு பேட்டரி, பரிசு சுற்றும் தாள், விமானத்தில் கூடுதல் பெட்டி, விருந்தினர் தங்கும் நாட்களின் மளிகை இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது கிரெடிட் கார்டு. பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் வராது. மீதித் தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். டிசம்பரில் கார்டைத் தேய்த்ததற்கான பில் பெரும்பாலும் ஜனவரியில்தான் கைக்கு வரும். அந்தப் பணத்தை இப்போதே தனியாக எடுத்துவையுங்கள்.

போன வருடம் உங்கள் கணக்கில் விட்டுப்போன செலவு எது? ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துக் குழுவில் மேலே நிற்கும்படி பின் (pin) செய்துவிடுகிறேன்.