எங்கட ரொக்கெட்டுக்கு கை குடுத்த எல்லாருக்கும்

வாற வெள்ளிக்கிழமை இரவு கோச்சியில (ரயில்ல) எங்கட பள்ளிக்கூட டீம் அஞ்சு பேரும், எங்கட சேர், மிஸ் ரெண்டு பேரும் கொழும்புக்கு வெளிக்கிடுறம், ஞாயித்துக்கிழமை தண்ணி ரொக்கெட் போட்டி. போயிட்டு வந்தா வெற்றி தோல்விக் கதைதான் பெரிசா இருக்கும், உதவி செஞ்ச ஆக்கள்ட கதை அதுக்குள்ள அமுங்கிப் போயிரும், அதனால போறதுக்கு முதலே எழுதிரணும் எண்டு இருந்து எழுதுறன். பேர் போட வேணாம் எண்டு கனபேர் சொன்னதால பேர் போடல்ல, வாசிக்கக்குள்ள யார் எண்டு உங்களுக்கே விளங்கும்.

ரொக்கெட் எண்ட உடனே மருந்து, நெருப்பு எண்டு ஊருக்குள்ள பயந்தவங்க இருக்கிறாங்க. எங்கட ரொக்கெட்டில நெருப்பே இல்ல. ஒண்டரை லீற்றர் சோடாப் போத்தல், அதில மூண்டில ஒரு பங்கு தண்ணி, மிச்சம் முழுக்க காத்து. பம்மால அடிச்சு அமுக்கத்த ஏத்தி பூட்டை விட்டா காத்து தண்ணியப் பின்னால தள்ளும், அந்தத் தண்ணி ரொக்கெட்டை முன்னால தள்ளும், நியூட்டன்ட மூண்டாம் விதி அவ்வளவுதான். உள்ள இருக்கிற அரை லீற்றர் தண்ணியும் வெளிய போக ஒரு செக்கன்ல பத்தில ஒரு பங்கு கூட எடுக்காது. அதுக்குப் பொறகு நாங்க 80 மீற்றர்ல நட்ட கொடிக்குக் கிட்ட அது விழுதா இல்லையா எண்டது மூக்குட பாரத்திலயும் வாலிலயும் காத்திலயும்தான் இருக்கு.

இத தொடங்கி வச்சது எங்கட விஞ்ஞான சேர். 2019ல விண்வெளிக்குப் போன ராவணா-1 பத்தி ஒரு நாள் வகுப்பில சொன்னார், ஜப்பான்ல கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில படிச்ச ரெண்டு இலங்கை ஆக்கள் செஞ்ச செய்மதி, ஒரு கிலோ அளவுதான் பாரம். சொல்லிட்டு ரெஜிபோம்ல (தெர்மோகோல்) அதே அளவுக்கு வெட்டின ஒரு பெட்டிய எங்கட கையில தந்தார், ரெண்டு கைக்குள்ள அடங்கிற்று. அண்டைக்கு அந்தப் பெட்டிய வாங்கிப் பாத்த அஞ்சு பேர்தான் இப்ப டீம். சேர், உங்களுக்குத்தான் முதல் நன்றி.

பிறகு போத்தல். தண்ணிப் போத்தல் இதுக்கு சரிவராது, அது மெல்லிசு, கேஸ் சோடாப் போத்தல் ஒண்டுதான் அமுக்கம் தாங்கும், அதிலயும் கீறல் விழுந்தாலோ வெயில்ல கிடந்தாலோ எறியத்தான் வேணும். சந்திக் கடை மாமி மூண்டு மாசமா வெறும் போத்தல நசுங்காம, கழுவி, மூடியோட தனிப் பையில போட்டு வச்சித் தந்தாங்க. நாங்க காசு குடுக்கப் போனா "உங்கட போத்தலுக்கு நான் காசு வாங்கிறதா புள்ள" எண்டு ஏசினாங்க.

சைக்கிள் கடை மாமாட்ட எப்பிடி நன்றி சொல்லுற எண்டு எனக்குத் தெரியல்ல. ரொக்கெட்ட ஏவுற எங்கட லோஞ்சர்ல காத்து ஒழுகிக்கொண்டே இருந்திச்சு, பம் அடிக்க அடிக்க மீற்றர் முள்ளு இறங்குது, எங்கால போகுது எண்டு கண்டுபிடிக்க ஏலாம ரெண்டு கிழமை கஷ்டப்பட்டம். மாமா பைப்பை வாங்கி ஒண்டும் பேசாம பங்சர் பாக்கிற தண்ணி பேசினுக்குள்ள அமத்தினார். வால்வு கட்டைக்கு அடியில சின்னச் சின்னதா குமிழி வந்திச்சு, ஊசி முனை அளவுதான். அந்த இடத்த விரலால மூடிக் காட்டினார், குமிழி நிண்டுது. மறுகா பழைய டியூப்ல வட்டமா ஒரு துண்டு வெட்டி, உரஞ்சி, சொலூசன் பூசி, காயும் வரைக்கும் வாயால ஊதிக்கொண்டு இருந்தார், கடை வாசல்ல மூண்டு பேர் சைக்கிளோட காத்துக்கொண்டு நிக்க நிக்க. அண்டைக்குப் பொறகு அந்த இடத்தில ஒரு சொட்டுக் காத்து போகல்ல. கடையில இருக்கிற ரெண்டு பம்மில நல்லத எங்களுக்குத் தந்துட்டு பழசால அவர் அடிக்கிறார், இப்பவும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில பௌதிகவியல் படிக்கிற அக்கா வந்தாறுமூலையில இருந்து ரெண்டு பஸ் மாறி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாங்க. ரொக்கெட்ட அது சமநிலையா நிக்கிற இடத்தில நூலால கட்டி தலைக்கு மேல சுத்தணும், மூக்கு முன்னால போனா சரி, வால் முன்னால வந்தா மூக்கில இன்னும் களி வைக்கணும் எண்டு காட்டித் தந்தவங்க அவங்கதான். அதை விடப் பெரிய உதவி ஒண்டு இருக்கு. புதுப் போத்தல் எதையும் முதல்ல வாய் வரைக்கும் தண்ணி நிரப்பித்தான் அமுக்கம் ஏத்திப் பாக்கணும், தண்ணி சுருங்காது, அதனால பிளந்தாலும் சும்மா பிளக்கும், வெடிக்காது. சுடக்குள்ள பத்து மீற்றருக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது, கயிறு சுவருக்குப் பின்னால இருந்துதான் இழுக்கணும். இந்த ரெண்டிலயும் அக்கா ஒரு நாளும் விட்டுக் குடுக்கல்ல, எங்களுக்கு அப்ப அது கொஞ்சம் கரைச்சலாவும் இருந்திச்சு. ஆனி மாசம் நாங்க வாங்கின அமுக்க மீற்றர் 40ல இறுகி நிண்டுட்டு, தெரியாம அடிச்சுக்கொண்டே போனம், போத்தல் வெடிச்சுது. பிளாஸ்டிக் துண்டொண்டு சுவர்ல பட்ட சத்தம் இப்பவும் காதில இருக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் அஞ்சு பேரும் ஒரு கீறல் இல்லாம நிண்டம். அக்கா, எங்கட அம்மாமார் எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.

ஆடியில வேற பிரச்சினை. சுடுற ரொக்கெட் எல்லாம் இடப்பக்கம் கிறுகுது. வால் கோணல் எண்டு நினைச்சு பைல் மட்டையில மூண்டு தரம் புதுசா வெட்டினம், அப்பவும் இடப்பக்கம்தான். வாவிக் கரையில வலை பொத்திக்கொண்டு இருந்த அப்பச்சி ரெண்டு நாள் பாத்துட்டு கூப்பிட்டார். "மகள், கச்சான் காத்து அடிக்குது. தோணிட பின் கடையால காத்து தள்ளினா முன் அணியம் காத்துப் பக்கம் கிறுகும். உங்கட சாமானுக்கும் வால்தான் பெரிசு." அவ்வளவுதான் சொன்னார், எங்களுக்கு எல்லாம் விளங்கிற்று, இடப்பக்கத்தால வாற காத்து வாலத் தள்ள மூக்கு அந்தப் பக்கம் கிறுகுது. அடுத்த நாள்ல இருந்து வெள்ளாப்பில, காத்து எழும்ப முன்னமே வந்து சுட்டம், காத்து இருந்தா கொடிக்குக் கொஞ்சம் வலப்பக்கம் குறி வச்சம். வாவித் தண்ணியில கருப்பா ஒரு சுருக்கம் ஓடி வந்தா அது காத்து வாறது, அது கரையேறிக் கடக்கும் வரைக்கும் பொறுங்க எண்டும் சொல்லித் தந்தார். போற இடத்தில வாவி இல்லையே எண்டு கேட்டதுக்கு பழைய சீலையில ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சு மூங்கில் கம்புல கட்டித் தந்தார். பச்சைச் சீலை, அப்பம்மாட சீலையாம். அது எங்கட பெட்டியில பத்திரமா இருக்கு.

விடிய நாலரைக்கு எழும்பி பிளேன் டீயும் ரொட்டியும் கட்டித் தந்த அம்மாமார், மண்முனைப் பாலத்தால லோஞ்சரை ஏத்தி இறக்கின ஆட்டோ அண்ணன் (2014ல பாலம் திறக்க முதல் எண்டா வாவி கடக்கிற பாதைப் படகிலதான் தள்ளிக்கொண்டு போயிருக்கணும் எண்டு ஒவ்வொரு தரமும் சொல்லுவார்), கிரவுண்ட்ட ஒவ்வொரு நாளும் விடியவே திறந்து விட்ட வாச்சர் ஐயா, ரெண்டு நாள் தன்ட வீட்டு வேலைய விட்டுட்டு எங்களோட வாற மிஸ், கோச்சிக் காசுக்கு சேத்துத் தந்த பழைய மாணவர்மார், எல்லாருக்கும் நன்றி.

கடைசிப் பயிற்சியில அஞ்சு தரம் சுட்டம், நாலு தரம் கொடிக்குக் கிட்ட விழுந்திச்சு. அஞ்சாவதுக்குக் காத்து வந்திச்சு, நாங்கதான் பொறுக்கல்ல. அப்பச்சி, ஞாயித்துக்கிழமை பொறுப்பம்.

மாமா, பம்ம திங்கக்கிழமை கடை திறக்க முன்னமே கொண்டு வந்து தருவம்.