பெடியங்களை விற்க வேண்டாம், மச்சான்

ஸ்காபரோ
2026 ஜனவரி 29

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. உன் மனிசியின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. சின்னவள் வேலை மாறி ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். உங்களுக்குக் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டாள் என்று சந்தோசப்படு. வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான். முற்றத்துப் பனியைத் தள்ளுவதும், ஏப்ரல் எப்போது வரும் என்று கலண்டரைப் பார்ப்பதுமாக நாள் போகிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் பாதிக்கு மேல் எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேஸின் குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க வருகிற பந்துவீச்சாளன், ஜெஃப் ஹொஃப்மனைத் திட்டியிருக்கிறாய். எங்கள் கீழ்மட்ட அணிகளில் வளர்கிற அர்ஜுன் நிம்மலாவைக் கொடுத்தாவது உருப்படியான ஒரு குளோசரை வாங்கியிருக்கவேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறாய். இதற்கு விபரமாகப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

நவம்பர் 1ஆம் திகதி இரவு எனக்கும் நித்திரை வரவில்லை. வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், 9ஆவது இன்னிங்ஸ், அதோடு ஆட்டம் முடியவேண்டியது. நாங்கள் 4-3 முன்னுக்கு. ஒருத்தன் அவுட், இன்னும் இரண்டு பேரை எடுத்தால் 1993க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் ரொறன்ரோவுக்கு. எதிரே நின்றது மிகுவேல் ரோஹாஸ், லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணியின் வரிசையில் ஒன்பதாவதாக வருகிறவன். ஹோம் ரன் அடித்துவிடுவான் என்று யாரும் பயப்படுகிற ஆள் இல்லை. மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவன் அவுட். ஹொஃப்மன் ஸ்லைடர் போட்டான். இறங்கவேண்டிய பந்து இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. அது இடதுபக்கக் கதிரைகளுக்குள் போய் விழுந்தபோது மைதானம் முழுக்க வாயடைத்துப் போனதை நீயும் பார்த்திருப்பாய். ஆட்டம் முடிந்த பிறகு அந்த மனுசன் ஒளித்து ஓடவில்லை. இங்கே இருக்கிற எல்லாருக்கும் கிடைக்கவேண்டிய மோதிரத்தை நான்தான் இழக்க வைத்தேன் என்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவனில் கோபம் வரவில்லை.

அந்தப் பந்தோடு ஆட்டம் முடிந்துவிடவில்லை என்பதையும் யோசி. அதே 9ஆவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள், ஒரு அவுட். மூன்றாவது பேஸில் நின்றது ஐசையா கைனர்-ஃபலேஃபா, போ பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்தவன். எங்கள் வார்ஷோ தரையோடு அடித்த பந்தைத் தடுமாறித் தடுமாறிப் பிடித்த ரோஹாஸ் ஹோம் பேஸுக்கு எறிந்தான், ஓடி வந்தவன் மயிரிழையில் அவுட். கைனர்-ஃபலேஃபா பேஸில் இருந்து இன்னும் ஓரிரு அடி தள்ளி நின்றிருந்தால் வேர்ல்ட் சீரிஸ் எங்களுடையது. 11ஆவதில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்ததற்குப் பிறகும்கூட எங்கள் விளாடி, அதுதான் விளாடிமிர் கெரேரோ ஜூனியர், இரண்டாவது பேஸ்வரை போகிற அடி அடித்தான், சமன் செய்ய ஆள் மூன்றாவது பேஸில் நின்றான். கேர்க் அடித்த பந்தில் இரண்டு பேர் ஒன்றாக அவுட், 5-4. இவ்வளவையும் ஒருத்தன் தலையில் கட்டுவது நியாயமா, மச்சான்?

என் மனதில் உள்ளது வேறு. குளோசர் என்ற நாற்காலியைச் செய்து, அதில் ஒருத்தனை இருத்தி, ஒன்பதாவது வரும்வரை அவனைத் தொடாமல் வைத்திருக்கிற பழக்கம்தான் பிழை. ஆட்டம் எப்போது கை நழுவப் பார்க்கிறதோ, அப்போது உன் கையில் இருக்கிற நல்ல ஆளை இறக்கு. அது ஏழாவதாக இருந்தால் என்ன, எட்டாவதாக இருந்தால் என்ன?

சியாற்றிலைப் பார். வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் அவர்கள் 3-1 முன்னுக்கு நின்றார்கள். ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் இரண்டு பேர் பேஸில், அடிக்க வருவது ஜோர்ஜ் ஸ்பிரிங்கர். முழு வருடத்திலும் அவர்களுக்கு அதைவிட ஆபத்தான நிமிடம் இருந்ததா? முன்யோஸ் என்ற முதல்தரக் குளோசர், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கிற புல்பென்னில் இருக்க, அவர்களின் மனேஜர் டான் வில்சன், பசார்டோ என்றவனைக் கூப்பிட்டார். ஸ்பிரிங்கர் அடித்த பந்து எங்கே போனது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று நாங்கள் வென்றதில் பாதி ஸ்பிரிங்கரின் கை, மற்றப் பாதி வில்சனின் முடிவு.

எங்கள் மனேஜர் ஷ்னைடரும் அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் இதைத்தானே செய்தார். எட்டாவது இன்னிங்ஸ், 2-1 முன்னுக்கு, வருவது அந்த வருடம் 60 ஹோம் ரன் அடித்த கால் ராலி. ஹொஃப்மனை அங்கேயே கொண்டுவந்திருக்கலாம். பிரெண்டன் லிட்டில் வந்தான். ராலி அடித்துச் சமன் செய்தான். பிறகு இரண்டு பேருக்கு வோக், அதாவது நாலு போல் போட்டுச் சும்மா பேஸைக் கொடுத்தான். அடுத்து வீச வந்த டொமிங்கேஸின் பந்து ஒருத்தன் உடம்பில் பட்டு மூன்று பேஸும் நிரம்ப, சுவாரேஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தான், ஒரே அடியில் நாலு ஓட்டம், 6-2. அன்றிரவு நீ போனில் கத்தியது இப்போதும் காதுக்குள் நிற்கிறது. அப்போது நீ திட்டியது மனேஜரை. இப்போது திட்டுவது பந்துவீசினவனை. அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி.

காசு கொட்டிப் பெரிய குளோசரை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாய். டொட்ஜர்ஸ் போன வருடம் அதைத்தான் செய்தார்கள். டானர் ஸ்கொட்டுக்கு 4 வருடத்துக்கு 72 மில்லியன் டொலர். அவன் 10 தடவை முன்னிலையைக் கோட்டை விட்டான். பருவம் முடிந்து நடக்கிற பிளேஓப் ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவர்கள் கடைசியில் வென்றது யாரை வைத்து? ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து போட்ட யமமோட்டோ, ஒருநாள் ஓய்வுகூட இல்லாமல் அடுத்த இரவே வந்து எட்டு அவுட் எடுத்தான். ரோக்கி சசாக்கியும் ஸ்ராட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடக்கத்தில் இருந்து வீசுகிறவனாக வந்தவன்தான், ஒக்டோபரில் கடைசி இன்னிங்ஸ்களை அவனிடம் கொடுத்தார்கள். நல்ல ஆளைத் தேவையான நேரத்தில் இறக்கினார்கள், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலத்தில் எட்வின் டியாஸ் என்ற குளோசருக்கு 3 வருடத்துக்கு 69 மில்லியன் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் காசு இருக்கிறது, செய்யட்டும்.

எங்களுக்கு உண்மையில் குறைந்தது புல்பென்னின் அகலம். ஷ்னைடர் நம்பிக் கூப்பிடக்கூடிய ஆட்கள் நாலைந்து பேர்தான். அதனால்தான் லூயி வார்லண்ட் அந்தப் பிளேஓப்பில் மட்டும் 15 ஆட்டம் இறங்கினான். ஒரு பிளேஓப்பில் அதற்கு முன் யாரும் அத்தனை ஆட்டம் வீசியதில்லை. மினசோட்டாவில் இருந்து ஜூலை கடைசியில் வந்த பெடியன், கை கழன்று விழும்வரை போட்டான். மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடியபோது எரிக் லாவர் வந்து ஐந்து இன்னிங்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் பிடித்தானே, அவன் முந்தின வருடம் கொரியாவில் விளையாடியவன், மைனர் லீக் என்ற கீழ்மட்ட அணிக்கான ஒப்பந்தத்தில் வந்தவன். ஒரே பிளேஓப்பில் 30 ஹிட் அடித்துச் சாதனை வைத்த ஏர்னி கிளெமென்டும் ஓக்லண்ட் வேண்டாம் என்று விட்ட ஆள். பட்டியலின் கடைசி நாலைந்து இடங்களை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஒரு வருடம் ஆடுகிறது என்று எனக்கு இந்த ஒக்டோபர் நன்றாக விளங்க வைத்தது.

அதனால் டைலர் ரொஜர்ஸை எடுத்தது எனக்கு நல்ல விருப்பம். 3 வருடம், 37 மில்லியன். கை நிலத்தை உரசுகிற மாதிரிக் கீழே இருந்து எறிகிறவன். பந்து 83 மைல் வேகம்தான், இந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அதைவிட வேகமாக எறிவார்கள். ஆனால் கீழிருந்து கிளம்புகிற அந்தப் பந்தைத் தூக்கி அடிக்க முடியாமல் பெரிய பெரிய ஆட்களே தரையோடு தட்டிவிட்டுப் போகிறார்கள். ஹொஃப்மனுக்குப் போன வருடம் இருந்த நோயே ஹோம் ரன். பருவ காலத்தில் மட்டும் 15 கொடுத்தான். இரண்டு பேரும் ஒரே புல்பென்னில் இருந்தால், அடிக்க வருகிறவனைப் பார்த்து ஷ்னைடர் ஆளைத் தெரிவுசெய்யலாம். லாவரையும் ஸ்ராட்டர் வரிசையில் நெரிக்காமல் இங்கே வைத்தால் மூன்று இன்னிங்ஸ் போடுகிற ஆளும் கிடைக்கும். வார்லண்டுக்கு மூச்சு விட நேரம் வரும்.

அடுத்து நிம்மலா. மொன்றியலில் இருந்துகொண்டு நீயா இதை எழுதுகிறாய்? 2002இல் உங்கள் ஊரின் பழைய அணி எக்ஸ்போஸ், பார்ட்டோலோ கொலோன் என்ற பந்துவீச்சாளனுக்காகக் கிளிஃப் லீ, கிரேடி சைஸ்மோர், பிரண்டன் ஃபிலிப்ஸ் மூன்று பேரையும் கிளீவ்லண்டுக்குத் தூக்கிக் கொடுத்தார்களே. கொலோன் நன்றாகத்தான் வீசினான், 10 ஆட்டம் வென்று தந்தான். அணி 83 வெற்றியோடு வீட்டுக்குப் போனது. லீ 2008இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினான். அந்த வியாபாரத்தைச் செய்த எக்ஸ்போஸ் பொது மனேஜர் மினாயாவைக்கூட என்னால் மன்னிக்க முடியும். அணியை லீக் கையில் எடுத்து, அடுத்த வருடம் எக்ஸ்போஸ் என்று ஒன்று இருக்குமா என்றே தெரியாத நிலை. நாளை இல்லாதவன் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவான். எங்களுக்கு நாளை இருக்கிறது. விளாடிக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பெடியங்களைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கால் ஸ்டீவனைக் கொடுத்து ஷேன் பீபரை வாங்கியது சரிதான், ஸ்ராட்டர் ஒருத்தன் பிளேஓப்பில் தொடரையே திருப்புவான். நடுவில் மாற்றாக வந்து வீசுகிற ரிலீவருக்காகக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ரிலீவரின் கை இந்த வருடம் ஒரு மாதிரி, அடுத்த வருடம் வேறு மாதிரி. ஹொஃப்மனையே பார். 2014இல் புதுப் பெடியங்களை அணிகள் பங்குபோடுகிற தேர்வில் நாங்கள்தான் அவனை முதல் சுற்றில் எடுத்தோம். அடுத்த வருடமே டுலோவிட்ஸ்கிக்காக கொலராடோவுக்கு அனுப்பினோம். கொலராடோ, சின்சினாற்றி என்று அலைந்து முப்பது வயதுக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவில்தான் அவன் ஒரு ஆளானான். இப்படிப்பட்டவர்களைச் சந்தையில் காசுக்கு வாங்கலாம். இருபது வயதுப் பெடியனை விற்றால் திரும்ப வாங்க ஏலாது.

எங்கள் இளம் பந்துவீச்சாளன் யெசவேஜைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை! 2024 தேர்வில் எடுத்தபோது 20ஆவது இடம். போன ஏப்ரலில் டனீடனில் ஆகக் கீழ்மட்ட அணிகளில் ஒன்றில் வீசிக்கொண்டிருந்தவன். வன்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒரே வருடத்தில் ஏணி முழுக்க ஏறி, செப்ரெம்பர் 15ஆம் திகதி மேலே வந்தான். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் சொந்த மைதானத்தில் 7 இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வோக்கும் இல்லை. 22 வயது. தலைக்கு மேலே இருந்து வருகிற அந்தக் கையும், அடிக்கிறவனுக்கு முன்னால் வந்து சட்டென்று விழுகிற ஸ்ப்ளிட்டரும்... நான் எழும்பி நின்றே பார்த்தேன். மூன்று நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் அவனை ரிலீவராகவும் இறக்கினார்கள். அது கடைசி ஆட்டம், விளங்குகிறது. ஆனால் இந்த வருடம் அவனைப் புல்பென் பக்கமே விடக்கூடாது. 2024இல் தொழில்முறையாக ஒரு பந்துகூட வீசாதவன் போன வருடம் அவ்வளவு வீசியிருக்கிறான். ஏப்ரலில் ஆறுதலாகத் தொடங்கட்டும், நடுவில் ஓரிரு தடவை தன் முறையை விட்டு ஓய்வெடுக்கட்டும். டிலன் சீஸ் என்ற ஸ்ராட்டருக்கு 7 வருடத்துக்கு 210 மில்லியன் கொடுத்ததன் பயனே அதுதான், இவன் தோளில் எல்லாப் பாரமும் விழாது.

பிஷெட் போனது மனதுக்குக் கஷ்டம்தான். ஏழாவது ஆட்டத்தில் ஒட்டானியின் பந்தை, சரியாக ஆறாத முழங்காலோடு நின்று அவன் அடித்த அந்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னை என்னால் மறக்க முடியாது. நியூ யோர்க் மெட்ஸ் அணி 3 வருடத்துக்கு 126 மில்லியன் கொடுக்கிறார்கள், போகட்டும், நன்றாக இருக்கட்டும். எங்களுக்குப் புதிதாக வந்த ஒகமோட்டோ ஜப்பானில் அடித்த மாதிரி இங்கேயும் அடிப்பானா என்று மே மாதம் பேசுவோம்.

நிம்மலாவுக்கு இன்னும் இருபது வயதுதான். பெற்றோர் இந்தியாவில் இருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே முகம். போன வருடம் வன்கூவரில் நன்றாகத் தொடங்கிப் பிற்பாதியில் சறுக்கினான், உண்மை. தன்னைவிடப் பெரிய பெடியங்களோடு விளையாடினான், அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உனக்கு விளாடியை எப்படித் தெரியும்? தகப்பன் எக்ஸ்போஸில் இருந்தபோது உங்கள் ஊரில் பிறந்தவன் என்று பெருமையாகச் சொல்வாய். 2018 மார்ச்சில் ஒலிம்பிக் மைதானத்தில், பருவம் தொடங்க முன் நடந்த ஆட்டத்தில் அவன் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து வெல்ல வைத்தபோது நீ அங்கே இருந்தாய். அவனுக்கு அப்போது 19. அன்றிரவு போனில் நீ அழாக்குறையாகக் கதைத்தாய். அந்த வருடம் யாராவது ஒரு குளோசரைக் காட்டி அவனைக் கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாயா?

இந்த வருடம் நிம்மலா நியூ ஹாம்ப்ஷயர் அணிக்குப் போகக்கூடும். மான்செஸ்டர் உனக்குக் காரில் நாலு மணித்தியாலம் வருமா? கோடையில் மனிசியையும் கூட்டிக்கொண்டு போ. சின்ன மைதானம், முன் வரிசைக்கே அதிகக் காசில்லை. அவன் பந்தைப் பொறுக்கி எறிகிற கையைக் கிட்ட இருந்து பார். நான் ஜூன் மாதம் பஃபலோவுக்குப் போய் அங்கே வீசுகிற பெடியங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குப் பிறகும் நிம்மலாவைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எழுது, நான் இன்னொரு நீளக் கடிதம் எழுதத் தயார்.

மனிசியிடம் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லு.

அன்புடன்,
உன் ஸ்காபரோ மச்சான்