அக்கா, நம்ம ஊரு மார்க்‌ஷீட்டு இங்க செல்லுபடி ஆயிடுச்சு

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயித்துக்கெழம ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், பாப்பா எல்லாரும் நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டிவலி இப்ப எப்படி இருக்கு. போன்ல பேசுனா அஞ்சு நிமிஷத்துல யாராச்சும் கூப்பிட்டுருதாங்க, சொல்ல வந்தத சொல்லவே முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா இருக்கும், அடுப்பு வேல எல்லாம் முடிச்சிட்டு பொறுமையா படி.

முதல்ல விஷயத்த சொல்லிருதேன். தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டில கடைசி கோர்ஸ் பாஸ். 120 கிரெடிட்டும் முடிஞ்சது அக்கா. 2008-ல கோவில்பட்டில செகண்ட் இயரோட நின்னுபோன டிகிரி இப்ப முடிஞ்சிருக்கு. அந்த மெயில பாத்ததும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது, தீப்பெட்டி ஒட்டி ஒட்டி பசை காஞ்சி வெடிச்சுக்கெடக்குமே அந்தக் கை. அந்த காசுலதான நாலு செமஸ்டரும் ஃபீஸ் கட்டுன. அப்பா படுத்ததும் நான் நின்னேன், கல்யாணம், அப்புறம் இங்க வந்தாச்சு, நீ ஒரு வார்த்த கேக்கல, ஆனா அந்த மார்க்‌ஷீட்டு நாலையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு டிரங்குப்பெட்டில வச்சிருந்த பாரு, அது எங்க போய் நின்னுச்சுன்னு உனக்கு முழுசா தெரியணும்.

இங்க காலேஜ்னா கிரெடிட் கணக்குதான். ஒரு பாடம்னா பெரும்பாலும் 3 கிரெடிட், அப்படி 120 சேந்தா டிகிரி. நம்ம ஊர்ல மாதிரி ஒரே காலேஜ்ல சேந்து மூணு வருஷம் அங்கேயே முடிக்கணும்னு இல்ல, ஒரு இடத்துல படிச்சத இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போலாம், சில பாடத்துக்கு கிளாசுக்கே போகாம பரீட்ச மட்டும் எழுதியும் கிரெடிட் வாங்கலாம். இது எனக்கு ஏழு வருஷமா தெரியாது. ரட்கர்ஸ் மாதிரி ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில போய் கேட்டா, இந்த ஸ்டேட்டுக்காரங்களுக்கே வருஷத்துக்கு ட்யூஷன் ஃபீஸ் எல்லாம் சேத்து 15,000 டாலருக்கு மேல ஆகுது, நாலு வருஷத்துக்கு கணக்கு போட்டுட்டு நான் அந்தப் பேச்சையே விட்டுட்டேன். கவர்ன்மெண்ட் உதவிக்கு ஃபாஃப்சானு ஒரு ஃபாரம் இருக்கு, ஆனா அது சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு மாதிரி சில வகைக்காரங்களுக்கும்தான், எங்கள மாதிரி, வேல விசால வந்தவங்களோட குடும்பத்துக்குக் குடுக்கிற எச்-4 டிபென்டன்ட் விசால இருக்கிறவங்களுக்கு கெடயாது. படிக்க அனுமதி உண்டு, காசு நம்மதுதான்.

லைப்ரரில பக்கத்துல உக்காந்து படிச்சிட்டு இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா, அம்பது வயசு இருக்கும், நர்ஸ் வேல பாத்துக்கிட்டே படிக்காங்க, அவங்கதான் எனக்கு வழி காட்டுனது. "உன் ஊர்ல படிச்ச ரெண்டு வருஷத்த ஏன் தூக்கி போட்ட, அத முதல்ல எடை போட்டுப் பாரு"ன்னாங்க. எடை போடறதுன்னா, வெளிநாட்டு மார்க்‌ஷீட்டப் பாத்து இது அமெரிக்கால எத்தன கிரெடிட்டுக்குச் சமம்னு பாடம் பாடமா எழுதிக்கொடுக்கிற கம்பெனிக இருக்கு, அதுகளுக்கு நேசஸ்னு ஒரு சங்கம், அதுல மெம்பரா இருக்கிற கம்பெனி குடுத்த ரிப்போர்ட்ட நெறய காலேஜ்ல ஏத்துப்பாங்க. அதுக்குத்தான் உன்ன பஸ் ஏறி யுனிவர்சிட்டிக்கு ரெண்டு தடவ போகச் சொன்னேன், கவர ஒட்டி அந்த ஒட்டுன எடத்துல சீல் வேணும்னு அவ்வளவு அடிச்சுப் பேசுனேன், நம்ம கைல பிரிச்ச கவர்னா அது செல்லாது. அந்த மத்தியான வெயில்ல நீ கவுண்டர்ல நின்னு செல்ஃபி அனுப்புனியே, அத இன்னும் அழிக்கல.

ரிப்போர்ட் வர அஞ்சு வாரம் ஆச்சு. 52 கிரெடிட் அக்கா! அம்பத்திரெண்டு. முக்காவாசி டிகிரி இல்லன்னாலும் கிட்டத்தட்ட பாதி. கால்குலஸ், டிரிகனாமெட்ரி, அல்லைடு பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ், அப்புறம் என்ன தெரியுமா, பார்ட் ஒன் தமிழ். குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் மனப்பாடம் பண்ணி எழுதுனோமே, அதுக்கும் இங்க கிரெடிட் போட்டிருக்கான், தமிழ்னு பேரு போட்டு. ரிப்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு கிச்சன்ல நின்னு அழுதேன், எங்க வீட்டுக்காரங்க பயந்து ஓடி வந்துட்டாங்க என்னமோ ஏதோன்னு.

மிச்சத்துக்குத்தான் பரீட்ச. கிளெப்னு சொல்லுவாங்க, காலேஜ் போர்டுனு ஒரு அமைப்பு 1967-ல இருந்து நடத்துது. சோஷியாலஜி, எக்கனாமிக்ஸ், மேனேஜ்மெண்ட், ஹிஸ்டரின்னு 30-க்கு மேல பாடம் இருக்கு. பெரும்பாலும் ஒண்ணரை மணி நேரம், கம்ப்யூட்டர்லயே, மார்க் 20-ல இருந்து 80 வரைக்கும், 50 எடுத்தா பாஸ்னு நெறய காலேஜ் எடுத்துக்கும், தப்பா போட்டா மார்க் கொறைக்க மாட்டாங்க. ஒரு பரீட்சக்கி நூறு டாலர் கிட்ட, அதுக்கு மேல சென்டர் ஃபீஸ் தனி. ஒரு செமஸ்டர் முழுக்க கட்டுற காசுக்குப் பதிலா இது. இதுலயும் ஒரு பெரிய உதவி இருக்கு, மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு தர்ம அமைப்பு, அவங்க ஆன்லைன்ல அந்தப் பாடத்த இலவசமா சொல்லித்தாராங்க, முழுசா முடிச்சு கேள்விக்கெல்லாம் பதில் போட்டா பரீட்ச ஃபீஸுக்கு வவுச்சரும் தாராங்க. நான் எழுதுனதுல முக்காவாசி அப்படி காசு குடுக்காம எழுதுனதுதான். யாருன்னே தெரியாத ஆளுக்கு இப்படி செய்யிறாங்களேன்னு இருக்கு.

காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஆறு வரைக்கும் படிப்பேன், அப்புறம் சின்னவனுக்கு லஞ்ச்பாக்ஸ், பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வேலைக்கு. குளிர்ல எந்திரிக்கறது கஷ்டந்தான், ஜனவரில வெளிய இருட்டு, கண்ணாடில ஐஸ் பூத்து கெடக்கும், ஹீட்டர் சத்தம் மட்டும் கேக்கும், நான் கருப்பு டீயும் உன் முறுக்குமா உக்காந்திருப்பேன். டெஸ்ட் சென்டர்ல போன், வாட்ச், ஸ்வெட்டர் பாக்கெட்ல இருக்கிற டிஷ்யூ வரைக்கும் லாக்கர்ல வைக்கச் சொல்லுவாங்க. முடிச்சு பட்டன அமுக்குன உடனே மார்க் ஸ்கிரீன்ல வந்துரும். சோஷியாலஜில 63 வந்தப்ப எனக்கு கை நடுங்குச்சு, பதிமூணு வருஷத்துக்கு அப்புறம் எழுதுன முதல் பரீட்ச.

எல்லாத்துலயும் பாஸ் ஆகல, அதையும் சொல்லணும். அமெரிக்கன் கவர்ன்மெண்ட்ல 46. இந்த நாட்டு புள்ளைங்க ஸ்கூல்லயே கேட்டு வளந்த விஷயம், எனக்கு ஒண்ணொண்ணும் புதுசு. ஜனாதிபதிய தேர்ந்தெடுக்கிற எலெக்டோரல் காலேஜ்ல 538 ஓட்டு, 270 வேணும்கிறது ஈசி, ஆனா ஸ்டேட்டுக்கு எது சென்டருக்கு எது, எந்த கேஸ்ல கோர்ட் என்ன சொல்லுச்சு, இது எல்லாம் மனசுல உக்காரவே இல்ல. ஃபெயில் ஆனா மூணு மாசம் கழிச்சுத்தான் திரும்ப எழுத முடியும். மூணு மாசம் சின்னவனோட ஸ்கூல் புக்ல இருந்து ஆரம்பிச்சு படிச்சேன், ரெண்டாவது தடவ 58. இன்னொண்ணு, காலேஜ் அல்ஜிப்ரா எழுதி 71 எடுத்தேன், ஆனா ஒரு கிரெடிட் கூட சேரல, ஏன்னா நம்ம ஊரு மேத்ஸ்லயே அதுக்கு ஏற்கனவே குடுத்துட்டாங்க, ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவ தர மாட்டாங்க. யார்கிட்டயும் கேக்காம அவசரப்பட்டு எழுதுனது என் தப்பு. அதுக்கப்புறம் எந்தப் பரீட்சக்கி பணம் கட்டுறதுக்கு முன்னாடியும் யுனிவர்சிட்டில பாடம் தேர்ந்தெடுக்க வழி சொல்ற அட்வைசருக்கு மெயில் போட்டு, இது என் டிகிரில எந்தக் கட்டத்துல உக்காரும்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் கட்டுனேன்.

கடைசில கணக்கு இப்படி வந்துச்சு: ஊர்ல இருந்து 52, கிளெப்ல 27, சோஃபியானு மாசம் 99 டாலர் கட்டி நம்ம வேகத்துல முடிக்கிற ஆன்லைன் பாடத்துல 15, பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ்னு ஒரு ரெண்டு வருஷக் காலேஜ்ல சாயங்கால கிளாஸ் போய் கால்குலஸ் 3-யும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும் 8, மீதி 18 யுனிவர்சிட்டிலயே. பரீட்சையாலயே முழு டிகிரியும் வாங்கிரலாம்னு சிலர் நெனக்காங்க, அப்படி ஆகாது. கிளெப் எல்லாம் முதல் ரெண்டு வருஷப் பாட லெவல்தான், மேல்நிலைப் பாடம் தனியா படிச்சே ஆகணும். அதோட பரீட்சல வாங்குன கிரெடிட்டுக்கு கிரேடு கெடயாது, ஜிபிஏங்கிற கிரேடு சராசரில சேராது. எனக்கு மேத்ஸ் டீச்சராகணும், அதுக்கு இங்க டிகிரி, ஜிபிஏ, மேத்ஸ்ல மட்டும் 30 கிரெடிட், அப்புறம் பிராக்சிஸ்னு ஒரு பரீட்ச எல்லாம் பாப்பாங்க, அதனால மீதி மேத்ஸ மட்டும் பரீட்சயா எழுதாம கோர்ஸாவே எடுத்துப் படிச்சேன். எல்லாத்துலயும் ஏ. நீ சிலேட்டுல போட்டுக் காட்டுன வழிதான் இன்னும் கைல வருது, இங்க புரொபசர் அத பாத்துட்டு இந்த ஸ்டெப் எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாரு, எங்க அக்கான்னேன்.

யுனிவர்சிட்டி ட்ரெண்டன்ல இருக்கு, தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி, 1972-ல பெரியவங்களுக்காகவே கவர்ன்மெண்ட் ஆரம்பிச்சது, எல்லாம் ஆன்லைன். கனெக்டிகட்ல சார்ட்டர் ஓக், நியூயார்க்ல எக்செல்சியர்னு இதே மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு, வெளிய வாங்குன கிரெடிட்ட ரொம்ப தாராளமா ஏத்துக்கிறது இந்த மூணும்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்க ஊரு பேரும் எடிசன்தான், வீட்டுல போட்டு எரிக்கிற மாதிரி பல்ப செஞ்சு காட்டுன தாமஸ் எடிசன் இங்க மென்லோ பார்க்லதான் லேப் வச்சிருந்தாரு, உச்சில பெரிய பல்பு வச்ச கோபுரம் ஒண்ணு கட்டிருக்காங்க. அவரு ஸ்கூலுக்கு போனதே கொஞ்ச மாசந்தான், அம்மாதான் வீட்டுல வச்சு சொல்லிக்குடுத்தாங்க. அவரு பேர்ல இப்படி ஒரு காலேஜ் வச்சது எனக்கு ரொம்ப சரின்னு படுது.

போன சனிக்கெழம வீட்டுக்காரங்களும் சின்னவனும் நானும் ட்ரெயின் புடிச்சு ட்ரெண்டனுக்கே போனோம், அந்த லைன்ல அதுதான் கடைசி ஸ்டேஷன். படிச்ச காலேஜ் கட்டடத்த அன்னிக்குத்தான் முதல் தடவ பாக்கேன். இந்த ஸ்டேட்டோட சட்டசபை இருக்கிற ஸ்டேட் ஹவுஸ் பக்கத்துலயே இருக்கு, லீவு நாளு, கதவு பூட்டி இருந்துச்சு, வாசப்படில நின்னு போட்டோ எடுத்தோம். அப்படியே டெலவேர் ஆத்துப் பக்கம் நடந்து, பாலத்துல கொட்டை எழுத்துல ட்ரெண்டன் மேக்ஸ் த வேர்ல்ட் டேக்ஸ்னு, ட்ரெண்டன் செய்யுது உலகம் வாங்கிக்குதுன்னு எழுதியிருக்கும், அதையும் பாத்துட்டு வந்தோம். சின்னவன் "அம்மா நீ பாஸா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான்.

மொத்தம் மூணே முக்கால் வருஷம், பதினோராயிரம் டாலர் கிட்ட ஆச்சு. அங்க கணக்குக்கு பெரிய காசுதான், ஆனா கடன் இல்லாம, மாசாமாசம் கட்டி முடிச்சாச்சு. நடுவுலயே ஒரு நல்லது நடந்துச்சு, 60 கிரெடிட் இருந்தா இந்த ஸ்டேட்ல லீவு போட்ட டீச்சருக்குப் பதிலா சப்ஸ்டிட்யூட் டீச்சரா போலாம், நம்ம 52-ஓட மூணு பரீட்ச சேந்ததும் 61, எனக்கு வேல பெர்மிட்டும் இருந்ததால அப்பவே போக ஆரம்பிச்சேன். அந்த சம்பளந்தான் பின்னாடி ஃபீஸ் ஆச்சு.

பெரியம்மா பையன் ஏதோ ஒரு அமெரிக்க காலேஜ்ல அனுபவத்த வச்சே பத்து நாள்ல டிகிரி தாரான்னு லிங்க் அனுப்பியிருந்தான். வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிரு. நான் படிச்சது, காலேஜ்கள சரிபாத்து அங்கீகாரம் குடுக்கிற மிடில் ஸ்டேட்ஸ் கமிஷனோட அங்கீகாரம் இருக்கிறது, அந்த மாதிரி அங்கீகாரம் இருக்கான்னு அமெரிக்க கல்வித்துறை வெப்சைட்லயே பேரு போட்டுப் பாக்கலாம், இல்லன்னா அது வெறும் பேப்பர். பாப்பாவுக்கும் சொல்லு, அவ காலேஜ்ல அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் ஐடி எடுக்கச் சொல்லியிருந்தா அத அலட்சியமா விடக்கூடாது, 2021-ல யுஜிசி கொண்டுவந்தது, அவ வாங்குற கிரெடிட்டு அதுல கணக்கா இருக்கும், நாளைக்கு ஏதாச்சும் ஆகி நடுவுல நின்னாலும் கைல இருக்கும். நிக்க விடாத, அது வேற.

இன்னொரு வேல இருக்கு உனக்கு. டிரங்குப்பெட்டில அந்த மார்க்‌ஷீட்டுக்கு அடில ஒரு நீல அட்ட நோட்டு இருக்கும், டிரிகனாமெட்ரிக்கு நீ கணக்கு போட்டுக் குடுத்தது, பாதிப் பக்கம் உன் கையெழுத்து. கரையான் அரிக்காம இருந்தா எடுத்து வை. அடுத்த மாசம் இங்க ஓக் ட்ரீ ரோட்டுல கடை வச்சிருக்கிறவங்க சாத்தூருக்கு வாராங்க, உன் நம்பர் குடுத்திருக்கேன், வீட்டுக்கே வந்து வாங்கிப்பாங்க. கடலமிட்டாய் ரெண்டு கிலோ போதும், போன தடவ மாதிரி அஞ்சு கிலோ கட்டிராத, அவங்க பெட்டி தாங்காது. நோட்ட மட்டும் மறக்காத, முதல்ல அத வை.

அம்மாவுக்கு இத வாசிச்சுக் காட்டு.

உன் தங்கச்சி